தலைமாட்டுத் தாள்

டெங்குக் காய்ச்சலில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் விட்ட பிறகே தொடங்கும். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ உடம்பு குளிர்ந்து, வீட்டார் சற்று ஆறுதலடையும் நேரத்தில்தான் சிலருக்குக் குருதிக் குழாய்களின் சுவர் தளர்ந்து குருதியின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. இந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். டெங்கு வைரசுக்கென்று மருந்து கிடையாது. அந்த இரண்டு நாளில் உயிரைத் தாங்கிப் பிடிப்பது நீர்க் கணக்குத்தான். நீர் குறைந்தால் குருதி அமுக்கம் சரிந்து நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போவார். கூடினால், கசிந்த நீர் குருதிக்குள் திரும்பும்போது நெஞ்சில் தேங்கி மூச்சை அடைக்கும்.

இலங்கையின் தேசிய டெங்கு வழிகாட்டி இந்தக் கணக்கை இலக்கமாகவே போட்டுத் தந்திருக்கிறது. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கசிவுக் காலம் முழுவதற்குமான ஒதுக்கீடு 4,600 மில்லிலீற்றர். எடையில் முதல் 10 கிலோவுக்கு 1,000, அடுத்த 10 கிலோவுக்கு 500, மிச்சமுள்ள 30 கிலோவுக்குக் கிலோவுக்கு 20 வீதம் 600. ஆக 2,100. அதோடு உடல் எடையில் 5 சதவீதமான 2,500 சேரும். இது சேலைன் மட்டும் இல்லை. வாயால் குடிக்கிற கஞ்சி, ஜீவனி உப்புக் கரைசல், தம்பிலி இளநீர் எல்லாம் இந்த 4,600க்குள் அடங்கும். வெளியேறும் சிறுநீர் மணிக்கு 25 முதல் 50 மில்லிலீற்றருக்குள் இருக்க வேண்டும். நாடியும் குருதி அமுக்கமும் மணிக்கு ஒருதரம் பார்க்கப்பட வேண்டும். மேல் அமுக்கத்துக்கும் கீழ் அமுக்கத்துக்கும் இடையிலான வித்தியாசம் 20க்கோ அதற்குக் கீழோ இறங்கிவிட்டால் அதிர்ச்சி வந்துவிட்டது என்று பொருள்.

இவ்வளவும் ஒரே தாளில் ஏறுகிறது. எழுதுகிறவர் வாட்டில் நிற்கும் மிஸ்ஸி, அதாவது தாதி. வைத்தியர் வந்து அந்தத் தாளைப் பார்த்துத்தான் சேலைனைக் கூட்டுகிறார், குறைக்கிறார். தாளில் உள்ள இலக்கம் பிழையென்றால் அவருடைய முடிவும் பிழையாகும்.

2009இல் இலங்கையில் சுமார் 35,000 பேருக்கு டெங்கு வந்து 346 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு ஒருவர் என்ற அளவு. 2017இல் 186,101 பேர் நோயாளிகளாக அறிவிக்கப்பட்டார்கள். நாடு கண்ட மிகப் பெரிய டெங்குப் பரவல் அதுதான். ஆனால் நோயாளிகளில் இறந்தவர்களின் விகிதம் 2009இல் இருந்ததில் கால் பங்கு அளவுக்கு இறங்கியிருந்தது. முன்கூட்டியே நோயை அறிந்தது, வைத்தியர்களுக்குக் கிடைத்த பயிற்சி என்று காரணங்கள் பல. ஆனாலும் மணிக்கு மணி நிரப்பப்பட்ட அந்தத் தாள்கள் இல்லாமல் இது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். தாதியரின் பதிவை அலுவலகக் காகித வேலை என்று ஒதுக்குபவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் அடங்கிய சப்ரகமுவ மாகாணத்துக்கு டெங்கு புதிதில்லை. மழை ஓயாத பகுதி. கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் பால் வெட்டாத நாட்களில் சிரட்டைகளில் மழைநீர் நிற்கும். நுளம்பு முட்டையிட அது போதும். இரத்தினபுரியில் வயலிலும் இரத்தினக்கல் குழியிலும் சேற்றில் இறங்கி வேலை செய்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வருகிறது. அந்த நோயில் சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் அடையாளங்களில் ஒன்று சிறுநீரின் அளவு குறைவது. ஆக இந்த இரண்டு மாவட்டங்களிலும், அடிக்கடி வருகிற இரண்டு காய்ச்சல்களில், தாதி எழுதும் சிறுநீர்க் கணக்கு உயிரோடு தொடர்புடையது.

அந்தக் கணக்கு எங்கே பிழைக்கிறது?

சோம்பேறித்தனம், கவனக்குறைவு என்று சொல்லிவிடுவது எளிது. உலகெங்கும் தாதியர் பதிவைப் பற்றி நடந்த ஆய்வுகள் வேறு இடங்களைக் காட்டுகின்றன: ஒருவர் தலையில் விழும் நோயாளிகளின் தொகை, படிவத்தின் அமைப்பு, பயிற்சி, மேற்பார்வை, எழுதியதை யாராவது வாசிக்கிறார்களா என்பது. சப்ரகமுவத் தோட்டங்களில் இவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்பது மொழி.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்கள் நுவரெலியாவைப் போலப் பக்கம் பக்கமாகத் தொடர்ந்து கிடப்பவை அல்ல. இறக்குவானை, பலாங்கொடை, காவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை, புளத்கொஹுபிட்டிய என்று சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. தோட்டத்து டிஸ்பென்சரியில் தீராத நோய்க்குப் பலாங்கொடை அல்லது கரவனெல்ல ஆதார வைத்தியசாலைக்கும், அதற்கும் மேலென்றால் இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ போக வேண்டும். இந்தப் பக்கத்து வாட்டுகளில் நோயாளி தமிழில் சொல்ல, தாதி சிங்களத்தில் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதுவதுதான் வழக்கம். இளையவர்கள் பலருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. சிங்களப் பாடசாலையில் படித்தவர்களும் உண்டு. ஆனால் அறுபது தாண்டிய கொழுந்துக்காரிக்குக் கடையில் சாமான் வாங்குகிற சிங்களம்தான் தெரியும். உடம்பு நோவைச் சொல்ல அது போதாது. நல்ல சிங்களம் தெரிந்தவரும் காய்ச்சலின் உச்சத்தில் தாய்மொழிக்கே திரும்பிவிடுவார்.

“ராத்திரி முழுக்க நெஞ்சு படபடன்னு அடிச்சிச்சு, எந்திரிச்சா கண்ண இருட்டிக்கிட்டு வருது, ரெண்டு தரம் வாந்தி எடுத்தேன், காலையில இருந்து ஒண்ணுக்குப் போகல” என்று ஓர் அம்மா சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் நாலு செய்திகள் இருக்கின்றன. நாலும் டெங்கில் எச்சரிக்கைதான். பக்கத்துக் கட்டில்காரர் மொழிபெயர்த்துக் கொடுக்கும்போது “வாந்தி, தலைசுற்று” என்று இரண்டாகிவிடும். தாளில் ஏறுவது ஒரு சொல். மொழிபெயர்ப்பவர் பன்னிரண்டு வயதுப் பேரன் என்றால் கடைசிச் செய்தி அவன் காதுக்கே போகாது. ஆச்சி அவனிடம் அதைச் சொல்லமாட்டார். நாலிலும் முக்கியமானது அதுதான். இதில் மிஸ்ஸி மேல் எந்தக் குற்றமும் இல்லை. தன்னிடம் வந்து சேர்ந்ததை அவர் நேர்மையாகவே எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட பதிவு எந்தக் கணக்காய்விலும் பிடிபடாது. கையொப்பம், நேரம், திகதி எல்லாம் சரியாக இருக்கும்.

நீர்க் கணக்கும் இதே வழியில்தான் ஓட்டையாகிறது. “போத்தலில் பிடித்து வையுங்கள், அளக்க வேண்டும்” என்பதைச் சைகையால் முழுமையாகச் சொல்ல முடியாது. வெட்கத்தில் ஒரு பெண் கழிவறைக்கே போய்வந்துவிட்டால், மில்லிலீற்றர் எழுத வேண்டிய கட்டத்தில் “ஒருமுறை போனார்” என்று ஒரு குறி விழுகிறது. அது 30 மில்லிலீற்றரா 300 மில்லிலீற்றரா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. பார்வையாளர் நேரத்தில் தோட்டத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள் ஆசையோடு ஒரு தம்பிலியைக் குடிக்கக் கொடுப்பார்கள். நல்ல மனதோடு கொடுத்ததுதான். அதை மிஸ்ஸியிடம் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கு விளங்குகிற மொழியில் யாரும் சொல்லவில்லை. மணிக்கு இத்தனை மில்லிலீற்றர் என்று நறுக்காகக் கொடுத்துவரும் நேரத்தில், தாளில் ஏறாத ஒரு தம்பிலி சிறிய விஷயமில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வாந்தி எடுத்தால் அதன் நிறம் குருதிக் கசிவோ என்று குழப்பும். அதனால்தான் டெங்கில் கடும் நிறப் பானங்களைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். குடித்தது இன்னதென்று எழுதியிருந்தால் அந்தக் குழப்பமும் வராது.

மொழிக்கு அடுத்தது நேரம். ஒரு டெங்கு நோயாளியின் நாடி, அமுக்கம், விரல் நுனியில் குருதி திரும்பும் வேகம், சிறுநீர் எல்லாம் பார்த்து எழுதக் குறைந்தது ஐந்து நிமிடம் என்று வைப்போம். கசிவுக் காலத்தில் 12 பேர் ஒரே நேரத்தில் இருந்தால் ஒரு மணித்தியாலம் முழுவதும் அதற்கே போய்விடும். பன்னிரண்டாமவரைப் பார்த்து முடித்ததும் முதலாமவரின் அடுத்த முறை வந்துவிடும். ஊசி போடுவது எப்போது, புதிதாக வருபவரைச் சேர்ப்பது எப்போது? மாலை ஏழு மணிக்கு வந்த இரவுத் தாதி காலை ஏழு வரை நிற்கிறார். அதிகாலை நாலரைக்கு மூன்று மணிக் கட்டமும் நாலு மணிக் கட்டமும் வெறுமையாக இருந்தால், நினைவிலிருந்து அவற்றை நிரப்பும் ஆசை யாருக்கும் வரும்.

நினைவிலிருந்தும் அவசரத்திலும் எழுதப்படும் இலக்கங்கள் தங்களைத் தாங்களே காட்டிக்கொடுக்கும் என்பது ஆச்சரியமான உண்மை. உண்மையாக அளந்த குருதி அமுக்கங்களின் கடைசி இலக்கம் ஒன்றில் மட்டும் குவியாமல் ஏறத்தாழச் சமமாகப் பரவ வேண்டும். வைத்தியசாலைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் 0இல் முடியும் அளவுகள் குவிந்து கிடப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். மூச்சு எண்ணிக்கை இன்னும் மோசம். அதை எண்ணச் சாதாரண வாட்டில் கருவி இல்லை. நெஞ்சைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அறுபது பேர் உள்ள வாட்டில் மூச்சு எண்ண மட்டும் ஒரு மணித்தியாலம். அதனால்தான் பல நாடுகளிலும் கட்டிலுக்குக் கட்டில் 18, 20 என்று ஒரே இலக்கம் ஓடுகிறது. நோயாளியின் நிலை மோசமாவதை மிக முன்னதாகச் சொல்லும் குறிகளில் ஒன்று மூச்சு வேகம் என்பதால் இது உண்மையிலேயே பெரிய இழப்பு.

2002இல் லிண்டா ஐகன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா வைத்தியசாலைகளை ஆராய்ந்து, ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும் ஒவ்வொரு தடவையும், சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் ஏறுவதைக் காட்டினார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இலங்கையின் அரச ஊழியர்கள் சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போக வழி திறக்கப்பட்டது, தாதியரும் போனார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மிஞ்சியவர்களின் கையில் இருக்கும் தாள்கள் கூடிவிட்டன.

தாளின் அமைப்பே எழுதுகிறவரை வழிநடத்தும் என்பதற்கு நல்ல சான்று பிரசவ அறையில் இருக்கிறது. 1972இல் அன்றைய ரொடீசியாவில், இன்றைய சிம்பாப்வேயில், பில்பொட், காசல் என்ற இரு வைத்தியர்கள் பிரசவத்தின் போக்கை வரைபடமாகக் குறிக்கும் தாளில் இரண்டு சாய்கோடுகளைச் சேர்த்தார்கள். முதல் கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கை, இரண்டாவதைத் தாண்டினால் உடனே ஏதாவது செய்ய வேண்டும். தூரத்துச் சிறு நிலையங்களில் பிரசவம் பார்க்கும் மருத்துவிச்சிகளுக்காகச் செய்யப்பட்டது அது. பிறகு உலக சுகாதார நிறுவனம் இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து நாடுகளில் 35,484 தாய்மாரிடம் இதைச் சோதித்து 1994இல் முடிவை வெளியிட்டது. நீண்டு இழுபடும் பிரசவங்கள் 6.4 சதவீதத்திலிருந்து 3.4 ஆகவும், பிள்ளை இறந்து பிறப்பது 0.5 சதவீதத்திலிருந்து 0.3 ஆகவும் குறைந்தன. புதிய மருந்தோ இயந்திரமோ இல்லை. ஒரு தாளும் அதைப் பார்த்தால் என்ன செய்வது என்ற ஒழுங்கும்தான். பல நாடுகளில் அதே தாள் பிள்ளை பிறந்த பிறகு உட்கார்ந்து நிரப்பப்படுவதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அப்போது கோடு எச்சரிப்பது யாரை?

எழுதியதை யார் வாசிக்கிறார்கள் என்ற கேள்விக்கு இங்கே வந்துவிடுகிறோம். தாதியின் குறிப்பைப் புரட்டிப் பார்க்காமலே வாட்டைச் சுற்றிவரும் வழக்கம் இருக்கும் இடத்தில் குறிப்பு மெலிந்துபோகும். “நோயாளி நலமாக உள்ளார், கண்காணிக்கப்படுகிறார்” என்ற ஒரே வரி நாள்தோறும் வரும். விசாரணைக்குப் பயந்து எழுதும் இடத்திலும் இதே வரிதான் வரும். நோயாளியின் தலைமாட்டுத் தாள் நீதிமன்றம் வரை போகக்கூடியது என்பது எல்லாத் தாதிக்கும் தெரியும். எழுதியதைப் பற்றி யாராவது கேட்டால் தண்டனை, கேட்காவிட்டால் ஒன்றுமில்லை என்ற நிலையில் மனிதர் குறைவாகவே எழுதுவார்.

வாசிக்க ஆளிருந்தால் அந்த எழுத்து என்னென்ன சொல்லும் என்பதை நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தாதியர் வழக்கத்தை விட அடிக்கடி அளந்து எழுதிய, கேட்காமலே கூடுதல் குறிப்பு வைத்த நோயாளிகளே பின்னர் இருதயம் நின்றும் இறந்தும் போனவர்களில் அதிகம் என்று 2013இல் கண்டார்கள். அதாவது, இலக்கம் மாறுமுன்பே தாதியின் மனதில் ஒரு கலக்கம் வந்துவிடுகிறது. அதனால் அவர் அந்தக் கட்டிலுக்கு அடிக்கடி போகிறார், எழுதுகிறார். அந்தத் தடத்தைக் கணினி படித்து வைத்தியர்களை எச்சரிக்கும் முறையை இரண்டு வைத்தியசாலைத் தொகுதிகளில் சோதித்தபோது இறப்பு அபாயம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. முடிவு 2025இல் வெளியானது. பல ஆண்டுகள் வாட்டில் நின்ற ஒருவரின் கண்ணில் எவ்வளவு அறிவு சேர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் வாசித்ததில்லை.

கணினி வந்தால் எல்லாம் தீரும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. 2008இல் அமெரிக்காவின் 36 வைத்தியசாலைகளில் தாதியரின் நேரத்தை அளந்தபோது 35 சதவீதம் பதிவு வேலைக்கே போனது. நோயாளியின் அருகில் நேரடிப் பராமரிப்புக்குக் கிடைத்தது 19 சதவீதம். இலங்கையிலும் வைத்தியசாலைகள் கணினிப் பதிவுக்கு மெல்ல மாறிவருகின்றன. மலையகத் தமிழரைப் பொறுத்தவரை அங்கே முதலில் இடறுவது பெயர். தோட்டத்துப் பிறப்புப் பதிவில் தமிழ்ப் பெயர் சிங்களத்தில் தவறாக எழுதப்பட்டு, அடையாள அட்டையில் இன்னொரு வடிவம் எடுத்து, கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்தில் மூன்றாம் வடிவம் பெறுவது எங்கும் காணக்கூடியது. தகப்பன் பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதிலும் ஒழுங்கில்லை. ஒரே ஆள் கணினியில் இரண்டு ஆளாகிவிட்டால், போன வருடம் எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்ற குறிப்பு மற்ற ஆளிடம் தங்கிவிடும்.  பறித்த கொழுந்தைக் கிலோ பிசகாமல் நிறுத்து எழுதிய தோட்டத்துக்குத் தொழிலாளியின் பெயரைப் பிழையில்லாமல் எழுத இன்றுவரை வரவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

விலாசமும் அப்படித்தான். டெங்கு நோயாளி ஒருவர் சேர்ந்ததும் வாட்டிலிருந்து எச் 544 என்ற அறிவித்தல் படிவம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போக வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்த விலாசத்துக்குப் போய் நுளம்பு பெருகும் இடத்தைத் தேடுவார். படிவத்தில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருந்தால் அவர் எங்கே போவார்? ஒரே தோட்டத்தின் பிரிவுகளான மேற்கணக்குக்கும் கீழ்க்கணக்குக்கும் இடையில் மலையொன்று இருக்கலாம். எந்தக் கணக்கு, எந்த லயம், எத்தனையாம் காம்பரா என்று கேட்டு எழுத ஒரு நிமிடம் போதும். ஆனால் அப்படிக் கேட்க வேண்டும் என்பது தோட்டத்தின் அமைப்பைத் தெரிந்த ஒருவருக்கே தோன்றும்.

தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து வரும் துண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேல்வலிக்கு அங்கே என்ன குளிசை கொடுத்தார்கள், எத்தனை மணிக்கு என்பது அதில் இருக்க வேண்டும். டெங்கில் பரசிட்டமோல் கொடுக்கலாம். டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் போன்ற வலிமாத்திரைகள் குருதிப்போக்கைக் கூட்டும். “காய்ச்சல், மேல் சிகிச்சைக்கு” என்று மட்டும் எழுதிய துண்டோடு வருபவரை ஏற்கும் தாதி முதல் வரியையே இருட்டில் எழுதுகிறார். எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்று நம் ஊரில் சொல்வார்கள்.

மொழிக்குத் திரும்புவோம். 2007 ஜூலை 1 முதல் சேரும் அரச உத்தியோகத்தர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2007இல் சுற்றறிக்கை வந்தது. தாதியருக்கு அந்த மொழிப் பயிற்சியை வாட்டிலிருந்தே தொடங்கலாம்: எப்போது கடைசியாகச் சிறுநீர் போனது, எத்தனை முறை வாந்தி, எங்கே வலி, என்ன குடித்தீர்கள், தோட்டத்தில் என்ன மருந்து தந்தார்கள். இருபது முப்பது கேள்விகள் போதும். கர்ப்பிணித் தாய்மாரின் பதிவட்டையையும் பிள்ளைகளின் சுகாதாரப் பதிவேட்டையும் வீட்டிலேயே பத்திரமாக வைத்திருந்து கிளினிக்குக்குக் கொண்டுவரும் பழக்கம் தோட்டத்துத் தாய்மாருக்கு ஏற்கெனவே உண்டு. அதே பழக்கத்தை டெங்கு வாட்டுக்கும் கொண்டுவர முடியும். தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்ட ஒரு தாளை நோயாளியோடு நிற்பவரிடம் கொடுத்து, அரைக் கோப்பை, ஒரு கோப்பை, ஒரு தம்பிலி என்று படம் போட்டு, குடித்ததை அந்த நேரத்திலேயே குறிக்கச் சொல்லலாம். சிறுநீருக்கும் அதேபோல் அளவுக் கோடு போட்ட போத்தலும் ஒரு வரிசையும் வேண்டும். மணிக்கு ஒருதரம் மிஸ்ஸி அதைப் பார்த்துத் தன் தாளில் ஏற்றிக்கொள்வார். அளவுகளின் பொறுப்பு அவரிடமே இருக்கும். சொல்லப்படாமல் போகும் தம்பிலியும் அளக்கப்படாமல் போகும் சிறுநீரும் மட்டும் குறையும்.